வீட்டு வளவில சின்ன விமானம்: எங்கட கையும் ஸ்ரான்லி வீதிச் சாமானும் போதுமா?

கொக்குப்பட்டம் (வல்வெட்டித்துறை)

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் பட்டம் கட்டிக் கட்டி வளந்த ஆள் நான். இப்ப மெக்கானிக்கல் படிக்கிறன். ஒருத்தர் மட்டும் இருந்து ஓட்டுற சின்ன விமானம் ஒண்டு கட்டத் தொடங்கியிருக்கிறன். செட்டை மரத்தில. செட்டைக்குரிய விலாச் சட்டம் 8 வெட்டி, தளபாடத்துக்குப் போடுற வெள்ளைப் பசையால ஒட்டி முடிச்சிட்டன். உடம்புக்கு ஜன்னல் பிறேம் அடிக்கிற கடையில அலுமினியக் குழாய் எடுக்க யோசனை. மாமாவின்ர வளவில ஒரு பழைய பீட்டில் கார் நிக்குது. அதின்ர 1600 எஞ்சினைக் கழட்டிப் போடலாம். போல்ட், நட் எல்லாம் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக் கடையளிலயே கிடைக்கும்.

அமெரிக்காவில பீற்றன்போல் எண்டவர் 1929இல போர்ட் மொடல் ஏ காரின்ர எஞ்சினைப் போட்டுப் பறந்தவர். அந்த வரைபடத்தை வைச்சு இண்டைக்கும் ஆக்கள் கட்டுகினம். அவருக்கு ஏலுமெண்டால் எங்களுக்கு ஏன் ஏலாது? பாகமெல்லாம் செய்து பெட்டியில வாற வெளிநாட்டுக் கிட் வாங்கத்தான் வேணுமோ? அனுபவமுள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

பழைய பிஸ்டன் (கொக்குவில்)

தம்பி, வாசிக்கச் சந்தோசமா இருந்தது. கட்டு. பயப்பிடாதை.

நாற்பது வருசமா கராஜ் வைச்சிருக்கிறன். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை போட்டு பெற்றோல் வராமல் பண்ணின காலத்தில மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களை மண்ணெண்ணெயில ஓட விட்டனாங்கள். கொஞ்சப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. அதுக்கு ஆரும் எங்களுக்குப் புத்தகம் தரேல்லை. ஸ்பெயார் பாட்ஸ் இல்லையெண்டால் லேத்தில கடைஞ்சு போட்டனாங்கள்.

உன்ர ஊரையே எடு. வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணிக் கப்பல் 1938இல அமெரிக்காவின்ர குளொஸ்டர் துறைமுகம் மட்டும் பாய் விரிச்சுப் போய்ச் சேந்தது. அதைக் கட்டின மேத்திரிமார் எந்தப் பல்கலைக்கழகத்தில படிச்சவை? கண்ணும் கையும் உள்ள சனம் நாங்கள். பீட்டில் எஞ்சின் நல்ல எஞ்சின். காத்தால குளிர்ற எஞ்சின், றேடியேற்றர் பாரம் இல்லை. உலகம் முழுக்கச் சின்ன விமானங்களில போட்டிருக்கினம்.

ரொறன்ரோ ரிவெட் (கனடா, பிறந்தது மானிப்பாய்)

அண்ணை, கோவிக்காதேங்கோ, நான் நேரெதிராச் சொல்லப் போறன்.

என்ர வீட்டுக் கராஜில செனித் சிஎச் 701 எண்ட சின்ன விமானம் ஒண்டு கட்டி முடிச்ச ஆள் நான். வருசக்கணக்கா எடுத்தது. இஞ்ச செட்டையைத் தகட்டால மூடமுதல் பரிசோதகர் வந்து உள்ளுக்குப் பாத்துக் கையெழுத்து வைக்கவேணும். கடைசியாப் பறக்கமுதலும் ஒருக்கா வருவினம்.

தம்பியின்ர திட்டத்தில எனக்கு நித்திரை வராமல் பண்ணினது அந்த ஜன்னல் அலுமினியம். பிறேமுக்கு வழமையா வாறது 6063 எண்ட கலப்பு. கடையில கிடைக்கிற ரி5 பதத்தில 145 மெகாபாஸ்கலிலேயே அது நிரந்தரமா வளையத் தொடங்கும். என்ர விமானத்தில போட்டது 6061 ரி6. அது 276 மட்டும் தாங்கும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கண்ணால பாத்தால் இரண்டும் ஒரே வெள்ளை உலோகம். கையில தூக்கினாலும் வித்தியாசம் தெரியாது. “கண்ணும் கையும்” எண்டு நீங்கள் சொல்லுறது இந்த இடத்தில உதவாது அண்ணை. இரும்பெண்டால் ஒரு அளவுக்குக் கீழ எத்தினை தரம் ஆட்டினாலும் உடையாது. அலுமினியத்துக்கு அப்பிடி ஒரு எல்லையே இல்லை. சின்னச் சின்ன ஆட்டமெல்லாம் உள்ளுக்குச் சேந்துகொண்டே போகும்.

இன்னொரு கதையும் சொல்லவேணும். முப்பதுகளில பிரான்சில ஆன்ரி மின்யே எண்டவர் “ஆகாயத் தெள்ளுப்பூச்சி” எண்ட சின்ன விமானத்தைச் செய்து காட்ட, ஊரூராச் சனம் வீட்டில கட்டத் தொடங்கிச்சு. முன்னுக்கு ஒரு செட்டை, பின்னுக்கு ஒரு செட்டை. மூக்கு ஒரு அளவைத் தாண்டிக் கீழ போனால், ஓட்டுநர் தடியை இழுக்க இழுக்க முன்செட்டை பின்செட்டைக்குக் கிட்ட வந்து, இடுக்கால பாயிற காத்து பின்செட்டையைத்தான் தூக்கும். மூக்கு இன்னும் கீழ போகும். இயல்பாச் செய்யிற வேலையே ஆளைக் கொல்லும். ஆக்கள் செத்தாப் பிறகுதான் காத்துச் சுரங்கத்தில வைச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சவை. பிரான்சிலயும் பிரித்தானியாவிலயும் பறக்கவிடாமல் நிப்பாட்டினவை. தம்பி, முச்சை பிழைச்ச பட்டம் என்ன செய்யும் எண்டு உனக்குத் தெரியும். குத்தும். ஆனால் பட்டத்துக்குள்ள நீ இருக்கிறேல்லை.

பழைய பிஸ்டன்

உங்கட தெள்ளுப்பூச்சிக் கதையே எனக்குத்தான் சாட்சி சொல்லுது. பிழை வரைபடத்தில. கட்டின கையில இல்லை. தம்பி நல்ல, பலபேர் பறந்த வரைபடத்தை எடுத்தால் அந்தப் பிரச்சினை முடிஞ்சுது.

அலுமினியம் சரி, அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது, ஏத்துக்கொள்ளுறன். ஆனால் எல்லாத்தையும் வெளிநாட்டிலதான் வாங்கவேணும் எண்டால் எங்கட பெடியள் ஒருநாளும் ஒண்டும் கட்டமாட்டாங்கள். நாற்பது வருசமாக் கையால இறுக்கின நட் ஒண்டும் எனக்குக் கழண்டு விழேல்லை.

தோர்க் அக்கா (ரத்மலானை, ஊர் சுன்னாகம்)

விமானப் பராமரிப்புத்தான் என்ர வேலை. ஐயா, உங்கட கையில எனக்கு மரியாதை இருக்கு. என்ர அப்பாவும் கராஜ்காரர்தான். அதாலதான் இதை எழுதுறன்.

சின்ன விமானத்தில நிறைய இடத்தில போடுற போல்ட் ஏஎன்3. அங்குலத்தின்ர பதினாறில மூண்டு பங்கு தடிப்பு. அதுக்குச் சொல்லியிருக்கிற இறுக்கம் 20 முதல் 25 அங்குல இறாத்தல். ஒரு ஆறங்குலச் சாவியின்ர நுனியில நாலு இறாத்தல் பாரம் வைச்சால் வாற இறுக்கம், அவ்வளவுதான். லொறி இறுக்கிப் பழகின கை அதை மூண்டு மடங்கு தாண்டிப் போகும், போனதும் தெரியாது. தலைதெறிச்சால் பரவாயில்லை, கண்டுபிடிக்கலாம். தெறிக்காமல் இழுபட்டு நிக்கிற போல்ட்தான் மேல பறக்கேக்க உடையிறது.

ஒருநாள் காலமை நான் கண்டதைச் சொல்லுறன். எந்த இடம், ஆற்ற விமானம் எண்டது வேண்டாம். வால் செட்டையை அசைக்கிற தண்டின்ர முனையில கோட்டை நட் ஒண்டு. அது கழண்டு போகாமல் அதுக்குள்ளால ஸ்பிளிட் பின் போட்டு மடக்கியிருக்கவேணும். பின் இல்லை. துளை வெறுமையா இருந்தது. நட் மூண்டு புரி பின்னுக்கு வந்திருந்தது. விரலால சுத்த லேசாச் சுத்திச்சு. முதல்நாள் அந்த விமானம் பறந்தது. பூட்டின ஆள் கெட்டிக்காரர், எனக்கு வேலை பழக்கின ஆக்களில ஒருத்தர். போன் வந்திருக்கு, எழும்பிப் போயிருக்கிறார், திரும்பி வந்து அடுத்த வேலையைத் தொட்டிருக்கிறார். அண்டையில இருந்து இறுக்கி முடிச்ச ஒவ்வொரு நட்டிலயும் நட்டுக்கும் போல்டுக்கும் சேத்து ஒரு நிறக் கோடு போடாமல் நான் எழும்புறேல்லை. கோடு முறிஞ்சிருந்தால் நட் அசைஞ்சிருக்கு. தம்பி, நீயும் ஒரு கொப்பி வை. எந்த நட், எத்தினையாம் திகதி, எவ்வளவு இறுக்கம், பாத்த மற்ற ஆள் ஆர். கட்டினவரே பாத்தால் காணாது.

எங்கட ஊருக்கெண்டு இன்னும் இரண்டு விசயம் இருக்கு. முதலாவது உப்புக்காத்து. வல்வெட்டித்துறைக் கரையில அலுமினியத்தில உருக்குப் போல்டைப் பச்சையாப் பூட்டினால் ஒரு சோளகத்துக்குள்ள வெள்ளைப் பவுடர் பூக்கும். இடையில பிறைமர் பூசவேணும். இரண்டாவது குளவி. வேகம் காட்டுற பிற்றோட் குழாய் குளவிக்குக் கூடு கட்டத்தான் செய்து வைச்ச மாதிரி. 1996இல டொமினிக்கன் குடியரசில இருந்து வெளிக்கிட்ட பிர்கன் எயார் போயிங் 757 கடலில விழுந்து 189 பேர் செத்தவை. மூடி போடாமல் நாள்க்கணக்கா நிண்ட விமானம். பிற்றோட் குழாய்க்குள்ள குளவி கூடு கட்டியிருக்கும் எண்டுதான் விசாரணை சந்தேகப்பட்டது. அவ்வளவு பெரிய விமானத்துக்கே அப்பிடியெண்டால், பூவரச மரத்துக்குக் கீழ நிக்கப்போற உன்ர விமானத்துக்கு?

குருநகர் பைபர்

வள்ளம் கட்டுற ஆள் நான். ஒரே ஒரு விசயம். பைபரால ஏதும் செய்யிறதெண்டால் எங்கட வள்ளத்துக்கு ஊத்துற பொலியெஸ்டர் பசையைக் கொண்டு போகாதை தம்பி. அது பாரம், பிடிமானமும் குறைவு. விமானத்துக்கு எப்பொக்சி. அதுவும் வெயிலில சூடேறினால் இளகும். பைபர் விமானத்துக்கு ஏன் வெள்ளைப் பெயின்ற் அடிக்கினம் எண்டால் அதுக்குத்தான். எங்கட வெயிலில கறுப்புப் பெயின்ற் அடிச்ச வள்ளத்தில மத்தியானம் கை வைச்சுப் பார், விளங்கும்.

பழைய பிஸ்டன்

பிள்ளை, நட் விசயத்தில என்ர வாயை அடைச்சுப்போட்டாய். போன் வந்து எழும்பிப் போற வேலை எனக்கும் எத்தினையோ தரம் நடந்திருக்கு. வீதியில எண்டால் ஓரமா நிப்பாட்டலாம்.

ஆனால் எஞ்சினில நான் மாறேல்லை. விமானத்துக்கெண்டே செய்யிற ரோட்டக்ஸ் 912 எஞ்சினைப் போடு எண்டுதான் ஆக்கள் சொல்லுவினம். அதின்ர காசுக்குப் பல பத்து இலட்சம் போகும். பீட்டில் எஞ்சினை நான் கண்ணை மூடிக்கொண்டு கழட்டிப் பூட்டுவன். தெரிஞ்ச எஞ்சின், தெரியாத எஞ்சினைவிட நல்லது.

ரொறன்ரோ ரிவெட்

அண்ணை, அதில நியாயம் இருக்கு. பீட்டில் எஞ்சின் பறக்கும், நானும் மறுக்கேல்லை. ஆனால் காரில அந்தக் கிராங்குக்கு வராத சுமை புரொப்பெல்லர் பூட்டினால் வரும். மூக்கைத் திருப்பிற ஒவ்வொரு தரமும் சுத்துற விசிறி கிராங்கின்ர முனையை வளைக்கப் பாக்கும். அதாலதான் விமானத்துக்கு மாத்திறவை முன்முனையில தனிப் பொருத்து வைச்சு, கிராங்கையும் உறுதியானதாப் போடுகினம். காரில ஒரு இக்னிசன்தான். ரோட்டக்ஸில தனித்தனியா இரண்டு. ஒண்டு செத்தாலும் மற்றது வீட்டுக்குக் கொண்டுவரும்.

பெற்றோலையும் சொல்லவேணும். 80 குதிரைவலு 912க்கு ஒக்ரேன் 90 காணும், எங்கட ஷெட்டில வாற 92 சரி. 100 குதிரைவலு எண்டால் 95 வேணும். மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல் இரண்டுக்கும் நஞ்சு. தாங்கியில ஊத்தமுதல் போத்தலில எடுத்துப் பாக்கவேணும்.

அமெரிக்க விபத்து விசாரணைச் சபை 2012இல வீட்டில கட்டின விமானங்களைப் பற்றி ஒரு ஆய்வு விட்டது. விபத்துக்குப் பெரிய காரணம் இரண்டு: எஞ்சின் சக்தி போறது, ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழக்கிறது. அதுவும் புதுசாப் பறக்கத் தொடங்கின காலத்திலதான் கூட.

பழைய பிஸ்டன்

எஞ்சின் சக்தி போறதெண்டு சும்மா சொன்னால் காணாது. ஏன் போகுது? கார்பரேற்றரில ஐஸ் பிடிக்கும் எண்டு எங்கயோ கேள்விப்பட்டனான். யாழ்ப்பாண வெயிலில ஐஸ் எப்பிடிப் பிடிக்கும்?

தோர்க் அக்கா

பிடிக்கும் ஐயா. பெற்றோல் ஆவியாகேக்கையும், ஒடுங்கின தொண்டையால காத்துப் பாயேக்கையும் அந்த இடம் இருபது பாகைக்கு மேல குளிரும். வெளியில 25 பாகை, காத்தில ஈரப்பதன் கூட எண்டால் உள்ளுக்கு உறையும். மாரியில விடியக்காலமை எங்கட காத்து எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அதுவும் எஞ்சினைக் குறைச்சு இறங்க வரேக்கதான் கூடப் பிடிக்கும். சூடான காத்தை உள்ள விடுற வழி கட்டாயம் வேணும்.

கடைசியா, ஆரும் சொல்லாததைச் சொல்லுறன். இது இரகசியமாச் செய்யிற வேலை இல்லை. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமானச் சட்டம் இருக்கு. சிவில் விமான அதிகாரசபையின்ர பதிவும் பறப்புத்தகுதிச் சான்றும் இல்லாமல் ஓரடி கூட எழும்ப ஏலாது. வடக்கில சின்ன விமானம் எண்டால் அதிகாரிகளுக்கு என்ன நினைவு வரும் எண்டு எல்லாருக்கும் தெரியும். பலாலி விமான நிலையம் இருக்கிறதும் பக்கத்தில. தம்பி, முதல் விலாவை ஒட்டமுதல் எழுதியிருக்கவேண்டிய கடிதம் அது. இப்பவாவது எழுது. கொம்மா வீட்டில இருக்கிறா.

கொக்குப்பட்டம்

எல்லாரும் எழுதினதை மூண்டு தரம் வாசிச்சன். கடிதம் எழுதப் போறன் அக்கா. அனுமதி வராட்டிலும் செட்டையை மட்டும் முழுசாக் கட்டிப் பாரம் ஏத்திப் பாக்கிறது எண்ட முடிவோட இருக்கிறன். கணக்குப் பாத்தன். மொத்தப் பாரம் 320 கிலோ, செட்டைகள் 60 கிலோ எண்டு வைச்சால், மிச்சம் 260இன்ர 3.8 மடங்குச் சுமைக்கு இரண்டு செட்டையும் சேந்து 988 கிலோ. ஒரு பக்கத்துக்கு 494. சீமெந்துப் பை எண்டால் 10. அதிலயும் ஒண்டரை மடங்கு, 15 பை, தாங்கவேணும். காத்துத் தூக்கிற பக்கமாப் பாரம் வர, செட்டையைத் தலைகீழாப் போட்டு, உடம்போட சேர்ற அடிப்பக்கம் கூடவும் நுனிக்குக் குறையவும் அடுக்கவேணும். கணக்கில பிழையிருந்தால் சொல்லுங்கோ.

பழைய பிஸ்டன்

சீமெந்துப் பை நான் கொண்டுவாறன், லான்ட்மாஸ்டரில. எஞ்சின் கதையை அங்க வைச்சுக் கதைப்பம். நான் விடமாட்டன்.

ரொறன்ரோ ரிவெட்

தம்பி, கணக்குச் சரி. தலைகீழாப் போடேக்க செட்டையின்ர சொந்தப் பாரமும் சேந்து அமத்தும், அதையும் கழிச்சு அடுக்கு. எனக்கு உறுத்திறது அந்த வெள்ளைப் பசை. சுமையில மெல்ல மெல்ல நழுவும், சூட்டில இளகும். செட்டை பூட்டமுதல் ஒரு விலாவை எடுத்து மூட்டில உடைச்சுப் பார். மரநார் கிழிஞ்சு வந்தால் ஒட்டு நல்லது. பசை மட்டும் பிரிஞ்சு வந்தால் சரியில்லை.

கொக்குப்பட்டம்

இப்பதான் உடைச்சன் அண்ணை. ஒன்பது மூட்டில ஆறு மரத்தோட கிழிஞ்சுது. மூண்டு சுத்தமாப் பிரிஞ்சு வந்தது. பிரிஞ்ச இடம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பா இருக்கு, மரத்தின்ர தூசு கூட ஒட்டேல்லை. ஒட்டேக்க நல்லா இறுக்கிக் கட்டினனான், வெளியால பாக்க எல்லாம் ஒரே மாதிரித்தான் இருந்தது. மிச்சம் ஏழு விலாவையும் நாளைக்கு வாளால அறுத்துப்போட்டு எப்பொக்சியோட முதலில இருந்து தொடங்கிறன்.