புதுப்பிப்பு: காஷ்மீர் இலையுதிர்காலப் பயணம், இருவருக்கு

முந்தைய பதிவில் ஸ்ரீநகரிலிருந்து நேராக மார்த்தாண்ட் சூரியன் கோயிலுக்குப் போய்விட்டு, திரும்பும்போது பாம்பூர் குங்குமப்பூ வயலைப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தேன். அந்த வரிசை தவறு, மாற்றிக்கொள்ளுங்கள். பூவை வெயில் ஏறுமுன்பே பறித்துவிடுவார்கள். மாலையில் போனால் வெறும் மண்தான். அதனால் காலையில் முதலில் பாம்பூர். ஊதா இதழுக்குள் சிவப்பாகத் தொங்கும் மூன்று இழைகள்தான் குங்குமப்பூ. மஞ்சள் இழைகள் அதில் சேராது. வாங்கும்போது இதைப் பாருங்கள்.

அடுத்து அதே நெடுஞ்சாலையில் அவந்திபூர், 9ஆம் நூற்றாண்டுக் கோயில் இடிபாடு. அரை மணி நேரம் போதும். மார்த்தாண்டைப் பிற்பகலுக்கு வையுங்கள். 8ஆம் நூற்றாண்டில் காஷ்மீர் மன்னன் லலிதாதித்தன் கட்டிய சூரியன் கோயில். வாசல் மேற்கு நோக்கியது, சாயும் வெயில் முகப்பில் நேராக விழும். நவம்பரில் சீக்கிரம் இருட்டிவிடும், மூன்று மணிக்குள் அங்கே இருப்பது நல்லது.

சினார் மரத்தின் இலை சிவக்க அக்டோபர் கடைசி வாரமாவது ஆகவேண்டும். அதைப் பார்க்க ஸ்ரீநகரிலுள்ள சினார் தோட்டமான நசீம் பாக் போதும், மற்ற முகலாயத் தோட்டங்களில் கூட்டம் அதிகம்.

அங்கே கைபேசி வேலை செய்யுமா என்று கேட்டிருந்தீர்களே, வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. இருவரில் ஒருவராவது போஸ்ட்பெய்டு வைத்திருங்கள், வரைபடத்தையும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். பஹல்காமும் போவதானால், அங்கிருந்து பக்கத்திலுள்ள ஆரு, சந்தன்வாடிக்கு உள்ளூர் டாக்ஸிதான். அந்தச் செலவைத் தனியாக ஒதுக்குங்கள்.