4.2 வோல்ட் போனால் டார்ச் செல் வெடிக்குமாம், கேட்டீர்களா?

கரண்ட்கம்பி:
வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. டார்ச்சில் போடும் 18650 என்ற லித்தியம் செல்லை (18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம்) 4.2 வோல்ட் வரை சார்ஜ் செய்தால் வெடித்துவிடுமாம், 4.1-லேயே கழற்றிவிட வேண்டுமாம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இதைப் பார்த்துவிட்டு டார்ச்சைத் தூக்கிப் பரண் மேல் போட்டுவிட்டார். சாம்சங், எல்ஜி, பானசோனிக் என்று எந்தக் கம்பெனியின் சாதாரண 18650-ஐ எடுத்தாலும் முழு சார்ஜ் 4.20 தான். செய்தவனே சொல்கிறான், இந்த வீடியோக்காரருக்கு என்ன வந்தது?

வயல்காட்டான்:
வீடியோக்காரர் சொன்னதில் என்ன தப்பு? ராத்திரி மோட்டார் போடப் போகிறவன் நான், தலையில் மாட்டும் டார்ச் இல்லாமல் வரப்பில் கால் வைக்க முடியாது. 4.1-லேயே எடுத்துவிடுவேன். செல் வருடக்கணக்கில் உழைக்கிறது. 4.2-க்கு ஏற்றிய பக்கத்து வயல்காரர் செல் உப்பிப் போச்சு.

கரண்ட்கம்பி:
உப்பியதா? 18650 இரும்பு டப்பா ஐயா, உப்புவதெல்லாம் செல்போனில் இருக்கும் பை மாதிரி பேட்டரி. உங்கள் பக்கத்து வயல்காரர் எதைக் காட்டினாரோ! 4.2 என்பது 4.2 தான்.

சும்மா_வந்தவன்:
ஒரு சந்தேகம். நாம் இங்கே பேசுவது செல் வெடிப்பதைப் பற்றியா, ஆயுளைப் பற்றியா? 4.1-இல் நிறுத்தினால் ஆயுள் கூடும், பத்தில் ஒரு பங்கு சார்ஜ் குறையும். இது வேறு, வெடிப்பது வேறு.

வயல்காட்டான்:
அதைத்தானே நானும் சொல்கிறேன், 4.1 நல்லது.

கரண்ட்கம்பி:
சொல்லவில்லை. வீடியோ சரி என்றீர்கள். வீடியோ என்ன சொல்கிறது? வெடிக்கும் என்கிறது. 4.2-இல் வெடிக்காது. வெடிப்பது எங்கே தெரியுமா? தெருவோரத்தில் விற்கும் மலிவு டார்ச்சின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதில் செல்போன் சார்ஜர் வயரைச் சொருகச் சொல்வார்கள். திறந்து பாருங்கள். உள்ளே சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஐசி இருக்காது, ஒரே ஒரு டயோடு நிற்கும். 5 வோல்ட்டில் 0.7 அது தின்றால் மீதி 4.3. நிறுத்த ஆள் கிடையாது, ராத்திரி முழுக்க ஏறிக்கொண்டே இருக்கும். ஒழுங்கான சார்ஜர் முதலில் ஒரே அளவு கரண்ட் தரும், 4.2 தொட்டதும் வோல்ட்டை அங்கேயே பிடித்துக்கொண்டு கரண்ட்டைக் குறைத்துக்கொண்டே வந்து தானாக நிற்கும். டிபி4056 என்ற சின்ன சார்ஜிங் போர்டுகூட இதைச் செய்கிறது. அதை வாங்கி வைக்கத் துப்பில்லை, 4.1 பேச வந்துவிட்டார்கள்.

ரிச்சித்தெரு:
துப்பு பற்றி யார் பேசுவது! சென்ற வருடம் இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றலாம் என்று இதே ஆள் அடித்துச் சொன்னது நினைவிருக்கிறதா?

கரண்ட்கம்பி:
நான் சொன்னது மழைத்தண்ணீர். குழாய்த் தண்ணீர் என்று நீங்கள்தான் திரித்தீர்கள். இங்கே தலைப்பு 4.2.

ரிச்சித்தெரு:
மழைத்தண்ணீரோ மாட்டுத்தண்ணீரோ, விடுங்கள். உள்ளேயே பாதுகாப்பு போர்டு வைத்த செல்லை வாங்கினால் இந்த 4.2 சண்டையே இல்லை. 4.3 வாக்கில் அதுவே வெட்டிவிடும். கொஞ்சம் நீளமாக இருக்கும், 69, 70 மில்லிமீட்டர் வரும், சில டார்ச்சில் மூடி இறுகாது, அவ்வளவுதான்.

கரண்ட்கம்பி:
போர்டு என்பது கடைசித் தடுப்பு, அதையே சார்ஜராக நினைப்பவர்களை என்ன சொல்வது? தினமும் சுவரில் மோதி நிறுத்திக்கொண்டு பிரேக் எதற்கு என்று கேட்பது போல இருக்கிறது.

வயல்காட்டான்:
நான் வாங்கியது 9900 எம்ஏஹெச், போர்டு கீர்டு எதுவும் இல்லை, 4.1 வரைதான் ஏற்றுகிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை.

ரிச்சித்தெரு:
9900-ஆ! அண்ணே, அதை மளிகைக்கடைத் தராசில் வையுங்கள். நல்ல 18650 என்றால் 45 கிராம் வாக்கில் இருக்கும், உள்ளே மிஞ்சிப்போனால் 3500 எம்ஏஹெச் வாக்கில்தான் சார்ஜ் பிடிக்கும். உங்களுடையது 30 கிராம் காட்டினால் என்னைத் திட்டாதீர்கள்.

வயல்காட்டான்:
எடையைப் பார்த்து வாங்க இது கத்தரிக்காயா? வெளிச்சம் வருகிறது, போதும்.

சும்மா_வந்தவன்:
பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல் என்னிடம் நாலு இருக்கிறது. ஒன்று 1.8 வோல்ட் காட்டுகிறது. ஏற்றலாமா?

ரிச்சித்தெரு:
தூக்கி எறியுங்கள், அதுவும் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். அவ்வளவு கீழே போனால் உள்ளே செம்பு கரைந்திருக்கும். மறுபடி ஏற்றும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். மீதி மூன்றில் மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை கிழிந்திருக்கிறதா, முக்கியமாகப் பாசிட்டிவ் முனை விளிம்பில், பாருங்கள். செல்லின் உடம்பு முழுவதும் நெகட்டிவ், அந்த மெல்லிய உறையும் ஒரு காகித வளையமும்தான் நடுவில் நிற்கிறது. உறை கிழிந்ததை அலுமினிய டார்ச்சில் போட்டால் அங்கேயே ஷார்ட் ஆகலாம், அதற்கு 4.2-ம் வேண்டாம் 4.1-ம் வேண்டாம்.

கரண்ட்கம்பி:
பார்த்தீர்களா, 4.2-ஐ விட்டு நைசாக நழுவுகிறார்.

ரிச்சித்தெரு:
யார் நழுவியது? கேள்வி கேட்டார், பதில் சொன்னேன்.

பழையபேட்டரி:
எங்கள் காலத்து 4 வோல்ட் லெட் ஆசிட் டார்ச்சை ராத்திரி முழுக்கச் செருகி வைப்போம், ஒன்றும் ஆகவில்லை. லித்தியம் வந்ததும்தான் இந்த வம்பெல்லாம்.

கரண்ட்கம்பி:
அந்தப் பழக்கத்தில்தான் லித்தியத்தையும் தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். சரி, உங்களோடு பிறகு வருகிறேன். வயல்காட்டாரே, ஒரே கேள்வி. உங்கள் சார்ஜர் 4.1-இல் தானாக நிற்கிறதா, நீங்கள் மல்டிமீட்டரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களா?

வயல்காட்டான்:
மல்டிமீட்டர் எதற்கு? பச்சை லைட் எரிந்ததும் எடுத்துவிடுவேன்.

கரண்ட்கம்பி:
பச்சை லைட் எரிவதே 4.2-இல் தானய்யா!!

வயல்காட்டான்:
உங்கள் சார்ஜரில் அப்படி இருக்கலாம். என்னுடையது 4.1.

கரண்ட்கம்பி:
அளந்தீர்களா?

வயல்காட்டான்:
மழைத்தண்ணீரை நீங்கள் அளந்தீர்களா?

ரிச்சித்தெரு:
குழாய்த் தண்ணீர். அந்தப் பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் போடவா?

கரண்ட்கம்பி:
போடுங்கள். போட்டுவிட்டு 4.2-க்கும் பதில் சொல்லுங்கள்.