தினமும் நோட்டில் எழுதினால் வேலை கிடைக்குமா? எழுதிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தங்கை டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். கொஞ்ச நாளாகப் புது வழக்கம் ஒன்று: "நான் சார் பதிவாளர் ஆகிவிட்டேன், நன்றி" என்று காலையில் 3 முறை, மதியம் 6 முறை, இரவு 9 முறை எழுதுகிறாள். ஏதோ ரீல்ஸில் பார்த்தாளாம். அம்மாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "ஸ்ரீராமஜெயம் 108 எழுதச் சொன்னால் மட்டும் கை வலிக்கும்" என்பதுதான் அவர் வருத்தம். கேலி செய்ய எனக்கு மனமில்லை. எழுதியவர்களும் கூட இருந்து பார்த்தவர்களும் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "பாசிட்டிவா இருங்க" என்று ஒற்றை வரி போடுகிறவர்கள் மன்னிக்கவும்.

மருந்து ரெப், திருச்சி

சகோ, எங்கள் பழைய மேனேஜர் "இந்த மாத டார்கெட்டை முடித்துவிட்டேன்" என்று தினமும் டைரியில் எழுதி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போடச் சொல்வார். மாதம் முழுக்கப் போட்டோ போகும். 28-ஆம் தேதி வந்தால் உண்மை நிலவரம் தெரியும். போன மாதச் சரக்கே கடையில் தூங்கும், அதன் மேல் இன்னும் நாலு பெட்டியை மொத்த வியாபாரி தலையில் கட்டி, விற்றுவிட்டதாக மாதக் கணக்கை முடித்துக் காட்டுவோம். அடுத்த மாதம் பாதி ரிட்டர்ன் வரும். எழுதியதால் தைரியம் வந்ததா? போட்டோ லேட்டானால் திட்டு விழுமே என்ற பயம்தான் வந்தது.

எங்கள் டீமில் ஒரு சீனியர் அண்ணன் இருந்தார். அதே டைரியில், அந்த வரிக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொன்று எழுதிவைப்பார்: "பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் குழந்தை டாக்டர், ஓபி முடிந்து 2.15-க்குக் கீழே இறங்குவார். இருமல் சிரப் மட்டும் பேசணும், வேறு எதையும் எடுக்கக் கூடாது." யார், எப்போது, என்ன மருந்து, அவ்வளவுதான். மாதக் கடைசியில் அவர் யாரையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவள், கோவை

அந்த அண்ணன் எழுதிய மாதிரியான வரியை பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்தே ஆராய்ந்திருக்கிறார். "இன்ன நேரம் வந்ததும் இன்னதைச் செய்வேன்" என்று எழுதிவைப்பவர்கள், வெறும் ஆசையை எழுதுபவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள்.

என் கதைக்கு வருகிறேன். குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டுத் திரும்பத் தேடத் தொடங்கியபோது, ஒரு கோச் தந்த வரி: "நான் தகுதியானவள், நிறுவனங்கள் என்னைத் தேடி வருகின்றன." எழுதும்போதே உள்ளே ஒரு குரல் "யார் வந்தது? ரெஸ்யூமில் விழுந்த இடைவெளிக்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்?" என்று குடையும். எழுதாத நாளைவிட எழுதிய நாள்தான் மோசமாகப் போகும். அப்புறம்தான் ஒரு விஷயம் படித்தேன். கனடாவில் ஜோஆன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் "நான் நேசிக்கத்தக்கவர்" என்று சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் இதமாக இருந்ததாம். தன்னம்பிக்கை குறைந்தவர்களின் மனநிலை இன்னும் கீழே இறங்கியதாம். மருந்து யாருக்குத் தேவையோ அவர்களுக்கே ஒத்துக்கொள்ளவில்லை.

வரியை மாற்றிக்கொண்டேன்: "ஸ்கூல் வேன் போனதும், டீ போடுவதற்கு முன், ஒரு விண்ணப்பம்." வேலை கிடைத்தது, பழைய சம்பளத்துக்குக் குறைவாகத்தான். வாங்கித் தந்தது நோட்டா, ரெஃபரல் கொடுத்த பழைய டீம் லீட் அக்காவா என்று கேட்டால் அக்காதான். ஆனால் கூச்சத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த அந்த போனை, ஒரு நாள் நோட்டில் நேரம் போட்டு எழுதிய பிறகுதான் செய்தேன்.

பெயர் வேண்டாம்

ஒரேயடியாகக் கழுவி ஊற்றாதீர்கள். டில்பர்ட் கார்ட்டூன் வரைந்த ஸ்காட் ஆடம்ஸ், கார்ட்டூனிஸ்ட் ஆவேன் என்று தினம் 15 முறை எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1989-இல் டில்பர்ட் வந்தது. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர், தன் புத்தகங்கள் விற்பனைப் பட்டியலில் ஏறும் என்று 1988-இல் நோட்டில் எழுதிவைத்தார், ஏறியது. அந்தத் தாள்களை கலிஃபோர்னியாவில் ஹன்டிங்டன் நூலகம் பாதுகாக்கிறது.

குரூப் 2 எழுதியவன், சென்னை

அண்ணே, கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். ஆடம்ஸ் ஆபீஸுக்குப் போகும் முன் விடியற்காலையில் எழுந்து வரைந்தவர். டில்பர்ட் வந்த பிறகும் 1995 வரை தொலைபேசி கம்பெனி வேலையை விடவில்லை. பட்லர் பாத்திரம் கழுவினார், சிப்ஸ் தரம் பார்க்கும் வேலைக்குப் போனார், நடுராத்திரி 2 மணிக்கு எழுந்து எழுதினார். அவர் நாவல் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் ஏறியது 2020-இல். அவர் 2006-லேயே போய்விட்டார். எழுதியும் ஒன்றும் நடக்காதவர்களின் நோட்டை எந்த நூலகமும் கேட்டு வாங்குவதில்லை.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியில் என் அறைத்தோழன் பக்கத்தில் உட்காருவான். நீல மையில் வாக்கியம், சிவப்பு மையில் அடிக்கோடு, ஸ்கேல் வைத்து. முடித்ததும் முகத்தில் ஒரு நிறைவு வரும், பெரிய வேலை தீர்ந்த மாதிரி டீக்குக் கிளம்பிவிடுவான். கணக்குப் புத்தகம் பைக்குள்ளேயே இருக்கும். காப்ரியேலே எட்டிங்கன் என்ற ஆய்வாளர் ஜெர்மனியில் பட்டதாரிகளைப் பின்தொடர்ந்து இதையேதான் கண்டார். நல்ல வேலை கிடைத்த மாதிரி அதிகம் கனவு கண்டவர்கள், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், குறைவாக விண்ணப்பித்திருந்தார்கள், சம்பளமும் குறைவு.

பதற்றக்காரர்களுக்கு எழுதுவது வேறு வகையில் உதவலாம். 2013-இல் கார்னகி மெலனில் நடந்த ஆய்வில், தனக்கு எது முக்கியம், குடும்பமா, நட்பா, கலையா என்று இரண்டொரு வரி எழுதிய பிறகு, மன அழுத்தத்தில் இருந்த மாணவர்கள் புதிர்களை மேலாகத் தீர்த்தார்கள். அதில் "ஆகிவிட்டேன்" என்ற பேச்சே இல்லை.

சகோ, தங்கை எதில் தடுமாறுகிறாள் என்று கேளுங்கள். முதல்நிலையில் 200 கேள்விக்கு 25 திறனறிக் கணக்கு. பலரும் கோட்டை விடுவது அங்கேதான். "சாப்பிட்டதும் தனிவட்டி, கூட்டுவட்டி பத்து கணக்கு" என்று இரவு எழுதட்டும். பழைய வினாத்தாள்கள் டிஎன்பிஎஸ்சி தளத்திலேயே கிடைக்கின்றன, காசு கொடுத்து வாங்க வேண்டாம்.