மறு: ‘ஸ்டைல் லீக்’: கசிவா, சாயமா, ஓதமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு வலைப்பக்கத்தின் தோற்ற விதிகள், அதில் ஒட்டிய வேறொன்றின் தோற்றத்தையும் மாற்றிவிடுவதை ஆங்கிலத்தில் ‘ஸ்டைல் லீக்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் பேச்சில் ஒருவர் எழுதியது இது:

> ‘பாணிக் கசிவு’ போதுமே. எல்லாருக்கும் புரிகிறது. இதற்கு மேல் ஏன் மெனக்கெட வேண்டும்?

புரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் போன வாரம் ஒரு படிவத்தோடு நான்கு நாள் மல்லுக்கட்டினேன். அதில் ஒன்றரை நாள் வீணானதற்கு இந்தக் ‘கசிவு’ என்ற நினைப்பே காரணம். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்லுக்கு வருகிறேன்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருந்துகொண்டு சின்னச் சின்ன வலைத்தள வேலைகள் செய்கிறவன். அறை முன்பதிவுக்கு ஒரு படிவம் எழுதி என் தளத்தில் மாதிரிக்கு வைத்திருந்தேன். பெயர், கைப்பேசி எண், வரும் தேதி, போகும் தேதி, ‘காலை உணவு வேண்டும்’ என்று ஒரு டிக் பெட்டி, கீழே ஒரு பொத்தான். அவ்வளவுதான். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் விடுதி வைத்திருக்கும் ஒருவர் பார்த்துவிட்டுக் கேட்டார். படிவத்தை அவர் பக்கத்துக்குள் கொண்டுவந்து வைக்கிற நான்கு வரி ஸ்கிரிப்ட் அனுப்பினேன். அவர் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையன் அதை ஒட்டினான். மறுநாள் காலை போன்.

“தம்பி, உங்க சைட்ல நல்லாத்தானே இருக்கு? எங்க சைட்ல மட்டும் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கே. டிக் அடிக்கிற கட்டத்தையே காணோம்.”

அவர் சொன்னது உண்மை. பொத்தானும் என் பச்சையை விட்டுவிட்டு அவர்கள் தீமின் (தளத்துக்குப் போட்டிருக்கும் ஆயத்த வடிவமைப்பின்) ஆரஞ்சுக்குப் போயிருந்தது. கைப்பேசியில் பார்த்தால் பெயர்ப் பெட்டி திரையைத் தாண்டி வலப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது.

எழுத்து விவகாரம் சீக்கிரம் பிடிபட்டது. என் படிவத்தில் எழுத்தளவு 0.875 ரெம். ரெம் என்பது பக்கத்தின் வேர் எழுத்தளவை வைத்துப் போடும் கணக்கு. வழக்கமாக அது 16 பிக்சல், அப்படியானால் என் எழுத்து 14. அவர்கள் தீம் வேர் அளவை 62.5 சதவீதம் என்று வைத்திருக்கிறது. ஒரு ரெம் என்றால் பத்து பிக்சல் என்று கணக்கு லேசாக வரும் என்பதற்காகப் பலரும் செய்யும் பழைய உத்தி அது. என் 14 அங்கே போய் 8.75 ஆகிவிட்டது. டிக் பெட்டி காணாமல் போனதும் இதே ரகம்தான். அந்தத் தீம் எல்லா டிக் பெட்டிகளின் இயல்பான தோற்றத்தையும் அழித்துவிட்டு, தன்னுடைய உறைக்குள் இருக்கிற பெட்டிகளை மட்டும் புதிதாக வரைகிறது. என் பெட்டிக்கு அந்த உறை ஏது? அழித்தார்கள், வரையவில்லை. பொத்தானுக்கு நான் ஒரு கிளாஸை (பலவற்றுக்கும் வைக்கக்கூடிய பொதுப் பெயரை) வைத்து விதி எழுதியிருந்தேன், அவர்கள் ஐடியை (ஒன்றுக்கே உரிய தனிப் பெயரை) வைத்து எழுதியிருந்தார்கள். ஐடி இருக்கும் விதியை எத்தனை கிளாஸ் சேர்ந்தாலும் வெல்ல முடியாது.

கசிவு என்று நினைத்ததால் ஓட்டையைத் தேடி அடைக்கத்தான் கை போனது. எழுத்தளவை ரெம்மிலிருந்து 14 பிக்சலுக்கு மாற்றி, ‘மற்ற விதிகளை விட்டுவிட்டு இதையே எடு’ என்று சொல்லும் ‘இம்பார்ட்டன்ட்’டை வரிக்கு வரி போட்டேன். எழுத்து பெரிதானது, பொத்தான் பச்சையானது. நீட்டிக்கொண்டிருந்த பெயர்ப் பெட்டி மட்டும் அசையவில்லை. எந்தத் தீம் விதி அதைப் பிடித்து இழுக்கிறது என்று உலாவியின் ஆய்வுப் பலகையில் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். தோற்றுப்போய்க் கோடு விழுந்த வரிகள், கோடு விழாத வரிகள், எல்லாம் பார்த்தாயிற்று. அப்படி ஒரு விதியே இல்லை. ஒன்றரை நாள் இதிலேயே போனது.

கடைசியில், செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன். ஒரு வெற்றுப் பக்கம். தீம் இல்லை, என் தளமும் இல்லை, படிவம் மட்டும். அங்கேயும் பெட்டி நீட்டிக்கொண்டிருந்தது! அகலம் 100 சதவீதம். அதற்கு மேல் உள்ளிடைவெளி இடம் 12, வலம் 12, ஓரக்கோடு பக்கத்துக்கு 1. ஆக 26 பிக்சல் அதிகம். என் தளத்தில் இது ஏன் தெரியவில்லை? இடைவெளியும் கோடும் அகலத்துக்குள்ளேயே அடங்கட்டும் என்று என் தளத்தின் பொதுப் பாணித்தாளில் (தோற்ற விதிகள் எழுதும் கோப்பில்) எப்போதோ ஒரு வரி எழுதியிருந்தேன். படிவம் அந்த ஒரு வரியின் தயவில் இத்தனை நாள் பிழைத்திருக்கிறது. விடுதித் தளத்தில் அந்த வரி இல்லை. அங்கிருந்து எதுவும் உள்ளே வரவில்லை, இங்கே இருந்த ஒன்று அங்கே இல்லை. ‘கசிவு’ என்ற சொல்லில் இதற்கு இடமே கிடையாது.

அதனால் எனக்கு ஒன்றல்ல, இரண்டு சொற்கள் வேண்டும்.

முதலாவது, கேட்காமல் உள்ளே வருவதற்கு. கசிவு என்றால் பாத்திரமோ குழாயோ எங்கோ உடைந்திருக்கிறது என்று பொருள். இங்கே எதுவும் உடையவில்லை. பல இடத்து விதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கிக் கலக்க வேண்டும் என்றுதான் பாணித்தாள் எழுதும் மொழியான சி.எஸ்.எஸ்.ஸை 1994இல் முன்மொழிந்தார்கள், 1996 டிசம்பரில் அது வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. பெயரின் முதல் சொல்லான ‘கேஸ்கேடிங்’கிலேயே அருவி இருக்கிறது. அருவியில் நின்றுகொண்டு ‘ஒழுகுகிறது’ என்று புகார் சொல்லலாமா?

‘சாயமேற்றம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், எங்கள் பக்கத்துக்குச் சாயம் புதிதும் அல்ல. புதுச்சேரி நீலத்துணி ஒரு காலத்தில் செனகல் வரைக்கும் கப்பலேறியது. குறிஞ்சிப்பாடிப் புதுக் கைலியோடு வெள்ளை வேட்டியை ஊறப்போட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளாத வீடு குறைவு. ஆனால் அந்த வேட்டியை எந்த ஊருக்கு எடுத்துப்போனாலும் கறை கூடவே வரும். என் படிவம் அப்படி இல்லை. அதை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்து வேறு பக்கத்தில் வைத்தால் பழைய ஆரஞ்சின் சுவடுகூட இருக்காது.

என் சொல் ‘ஓதம்’. நான் குடியிருக்கும் வீடு பழைய செங்கல், சுண்ணாம்புச் சாந்துக் கட்டடம். ஐப்பசி பிறந்தால் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குச் சுவரில் ஓதம் ஏறிவிடும். சுவர் உடைந்ததால் அல்ல, சுவரின் இயல்பே உறிஞ்சுவது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்றால், அது நிற்கும் மண்ணிலிருந்து. படிவமும் அப்படித்தான், எந்தப் பக்கத்தில் நிற்கிறதோ அந்தப் பக்கத்தை உறிஞ்சுகிறது. வீட்டுக்கார அம்மா மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த ஓதத்தின் மேல் சிமெண்ட் பூசினார். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. நான் போட்ட ‘இம்பார்ட்டன்ட்’ எல்லாம் அந்தச் சிமெண்ட்தான்.

இந்தச் சொல்லிலிருந்து மற்றவை தாமாக முளைக்கின்றன: ஓதமேறிய படிவம், ஓதத்தடை. பக்கத்துக்குள்ளேயே ஒரு பகுதியை மறைத்துத் தனியாக வைக்கும் ஷேடோ டாம் என்பது, ஈரம் மேலே ஏறாமலிருக்கக் கொத்தனார்கள் பேஸ்மட்டத்தில் போடும் தடுப்பு அடுக்கான டி.பி.சி. மாதிரி. வெளி விதிகள் உள்ளே கைநீட்ட முடியாது. ஆனாலும் எழுத்துரு, நிறம் போல வழிவழியாக இறங்குகிற பண்புகள் அதையும் தாண்டி வரும். ரெம்மும் வெளிப்பக்கத்து வேரைத்தான் பார்க்கும். ஆக, என் எறும்பு எழுத்துக்கு அது மருந்தாகியிருக்காது. பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தையே திறந்துவைக்கும் ஐஃப்ரேம் என்றால் தனி மனை, தனி வீடு, ஒன்றும் ஏறாது. உயரம் தானாகச் சரியாகாது என்ற தலைவலி மட்டும் உண்டு. நான் இரண்டுக்கும் போகவில்லை. படிவத்தின் வெளியுறைக்கு 16 பிக்சல் என்று நானே அடித்துவைத்து, உள்ளே எல்லாவற்றையும் எம் அளவுக்கு (பக்கத்தின் வேரை விட்டுவிட்டு, தன்னைச் சுற்றியுள்ள எழுத்தளவைப் பார்க்கும் கணக்குக்கு) மாற்றினேன். டிக் பெட்டிக்கு இயல்புத் தோற்றத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பொத்தானுக்கு ஐடி வைத்து எழுதினேன். ‘இம்பார்ட்டன்ட்’ அத்தனையையும் பிடுங்கிப் போட்டேன்.

இரண்டாவது சொல், அடுத்தவன் வரியில் பிழைப்பதற்கு: ‘இரவல் பாணி’. அந்த 26 பிக்சலை என் தளத்தில் அடக்கிவைத்த வரி எனக்கு இரவல் பாணி.

‘தீம்’ என்பதைக் ‘கருப்பொருள்’ என்று மாற்றச் சொல்லிப் போன மாதம் ஒரு மடல் வந்தது. அதற்கு நான் பதில் எழுதவில்லை, எழுதினால் சண்டை வரும்.

அன்புடன்,
முத்தியால்பேட்டையிலிருந்து

---

தம்பி,

விளக்கம் பிரமாதம். ஒரு சங்கடம் மட்டும். நான் கடலூர் முதுநகர்க்காரன், வயது எழுபதைத் தாண்டியவன். எங்கள் தலைமுறையில் ‘ஓதம்’ என்றால் ஆண்களுக்கு விரையில் வரும் வீக்கம். யானைக்கால் கொசு நம் இரண்டு ஊரையும் படுத்திய பாடு உங்களுக்குத் தெரியாது. புதுச்சேரியில் 1975இல் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் தொடங்கியதே சும்மா இல்லை. ‘உங்கள் படிவத்துக்கு ஓதம்’ என்று என்னிடம் சொன்னால், நான் எந்த டாக்டரைப் பார்த்தாய் என்றுதான் கேட்பேன்.

பழம்பாடல்களில் ஓதம் என்றால் கடல், அலை. அது எனக்கு மகிழ்ச்சியே. தனியாக நிற்கவிடாமல் ‘பாணியோதம்’ என்று சேர்த்தே எழுதிவிடுங்கள். அப்படியானால் என் ஓட்டு உண்டு.

---

> இரண்டாவது சொல் ‘இரவல் பாணி’.

எனக்கு இதில் ஒரு உறுத்தல். இரவல் என்பது கேட்டு வாங்குவது, திருப்பித் தர வேண்டும் என்ற நினைப்போடு வாங்குவது. நீங்கள் கேட்கவும் இல்லை, வாங்கினோம் என்றே தெரியவும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் அது ‘ஓசிப் பாணி’. (அகராதியில் ஏற்ற மாட்டீர்கள் என்று தெரியும்.)

இன்னொன்று. உலாவி தானாகவே வைத்திருக்கும் பாணி ஒன்று உண்டல்லவா? பக்கத்துக்கு என்ன எழுத்துரு வைத்தாலும் உள்ளீட்டுப் பெட்டியும் பொத்தானும் அதை வாங்கிக்கொள்ளாமல் தங்கள் சின்ன எழுத்திலேயே நிற்கும். அது ஓதமும் இல்லை, இரவலும் இல்லை. ‘முன்னிருப்புப் பாணி’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. ‘பிறவிப் பாணி’ எப்படி?

---

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி.

‘பாணியோதம்’ என்றே சேர்த்து எழுதிவிடுகிறேன். டாக்டர் கேள்வியைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அக்கா, ஓசி சரியான சொல்தான், ஆனாலும் இரவலை விட மனமில்லை. இரவல் நகையை நாலு கல்யாணத்துக்குத் தொடர்ந்து போட்டுக்கொண்டால் அது நம்முடையது என்ற நினைப்பே வந்துவிடும். எனக்கு நடந்தது அதுதான். எப்போதோ நானே எழுதிய வரி, அதனால் படிவத்தின் சொந்த வரி என்றே நினைத்துவிட்டேன்.

‘பிறவிப் பாணி’யை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நேற்றே அதற்கு வேலை வந்துவிட்டது. விடுதிக்காரர் மறுபடி போன் செய்தார். எல்லாம் சரியாகிவிட்டதாம், ஆனால் வரவேற்பு மேசைக் கணினியில் தேதிப் பெட்டி மாதத்தை முன்னால் காட்டுகிறதாம், அவர் கைப்பேசியில் நாள் முன்னால் வருகிறதாம். அது உலாவி தன் மொழி அமைப்பைப் பார்த்துக் காட்டுவது, பாணித்தாளில் எதை எழுதினாலும் மாறாது. “அது அதோட பிறவிக் குணம் சார்” என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டு, “சரி, மாத்திக் குடுத்துடுங்க” என்று வைத்துவிட்டார். தேதிப் பெட்டியை எடுத்துவிட்டு நாள், மாதம், வருடம் என்று மூன்று பெட்டியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.