மறு: லைஃப்போட் எதிக்ஸ் – 'படகு அறம்' சரியா?

அனைவருக்கும் வணக்கம். 'லைஃப்போட் எதிக்ஸ்' (lifeboat ethics) என்ற ஆங்கிலக் கலைச்சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> 'படகு அறம்' போதுமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான் ஐயா. ஆனால் தமிழில் அறம் என்றால் கொடையும்தான். அறக்கட்டளை, அறச்சாலை எல்லாம் அந்தப் பொருளில் வந்தவை. இந்தக் கருத்தை முன்வைத்த அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1974இல் சொன்னதோ 'கொடுக்காதே' என்பது. பணக்கார நாடு ஒரு படகு. அதில் 50 பேர் இருக்கிறார்கள், இன்னும் 10 பேருக்கு இடமுண்டு. தண்ணீரில் 100 பேர் தத்தளிக்கிறார்கள். எல்லாரையும் ஏற்றினால் படகு மூழ்கும். பத்துப் பேரை மட்டும் ஏற்றினாலும் ஆபத்துக்கென்று விட்டுவைத்த இடம் போய்விடும். அதனால் யாரையும் ஏற்றாதே என்கிறார். உணவு அனுப்பினால் ஏழை நாட்டில் மக்கள்தொகை பெருகி, அடுத்த பஞ்சம் இன்னும் பெரிதாக வருமாம். இதற்குப் போய் 'படகு அறம்' என்று பெயர் வைத்தால், படகு வாங்கிக் கொடுக்கும் தொண்டு என்றுதான் படிப்பார்கள்.

'மீட்புப் படகு' என்பதும் ஒட்டாது. அது மீட்கப் போகிற படகு. இது ஏற்கெனவே ஏறிக்கொண்டவர்களின் படகு.

> 'கைவிடல் கோட்பாடு' என்று உள்ளதைச் சொல்லிவிடலாமே.

எனக்கும் அந்தக் கோபம் உண்டு அம்மா. ஆனால் பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால் மாணவர் எதை வாதிடுவார்? ஹார்டினை மறுக்க நடந்த கதையே போதும். அதே 1974இல் பங்களாதேஷில் பஞ்சம். கியூபாவுக்குச் சணல் பை விற்றதைக் காரணம் காட்டி அமெரிக்கா உணவு உதவியை நிறுத்தி வைத்தது. படகில் இடம் இருந்ததா இல்லையா என்ற பேச்சே அங்கு எழவில்லை. அன்று அந்த நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகளுக்கு மேல். இப்போது இரண்டை ஒட்டி நிற்கிறது. பட்டினி போட்டுக் குறைத்ததில்லை. பெண் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க் கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள், குழந்தைச் சாவு குறைந்தது, பெண்கள் பள்ளிக்குப் போனார்கள். குடும்பநலத் திட்டத்துக்கான செலவில் கணிசமான பங்கு வெளிநாட்டு உதவி.

அதற்காக உதவி என்றாலே தூய்மை என்று சொல்லவரவில்லை. 1960களின் நடுவில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் இந்தியாவுக்கான கோதுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து விட்டதும் உதவிதான். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கொடுத்த உதவி.

ஆக என் பரிந்துரை 'உயிர்ப்படகு வாதம்'. ஹார்டின் வைத்தது ஒரு வாதம், அவ்வளவே. ஏற்கலாம், எதிர்க்கலாம்; ஏற்பவரை 'உயிர்ப்படகுவாதி' என்றும் சொல்லலாம். வாதம் என்றதும் முடக்குவாதம் நினைவுக்கு வருகிறது என்று யாராவது கிளம்புவீர்கள், தெரியும். பொருள்முதல்வாதத்துக்கு வராத நோவு இதற்கு மட்டும் ஏன் வரப்போகிறது?

இதே கலைச்சொல் பட்டியலில் உள்ள 'ட்ரையேஜ்' (triage) தனி வழக்கு. போர்முனையில் காயம்பட்டவர்களை, யாருக்கு முதலில் சிகிச்சை என்று பிரித்த முறையை 1967இல் அமெரிக்கர்களான பேடாக் சகோதரர்கள் நாடுகளுக்கே பொருத்தி, இந்தியாவைக் காப்பாற்ற முடியாத கூட்டத்தில் தள்ளினார்கள். 'தரம் பிரித்தல்' அங்கே கூடவே கூடாது. அது நெல்லுக்கும் பழத்துக்கும் ஆன சொல். மருத்துவர்கள் யாராவது, வார்டில் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். அப்புறம் முடிவு செய்யலாம்.