வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை: மறுநாளும் மை கையில் ஒட்டுகிறது, மடிப்பு வெடிக்கிறது

மண்டபம் செல்வி:
அண்ணன் கல்யாணம் தை மாதம். 150 பத்திரிகை வீட்டிலேயே அடிக்கிறோம். மை தொட்டி உள்ள இங்க்ஜெட் பிரிண்டர், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பளபள ஆர்ட் கார்டு, ஏ4. ஓரம் வெட்டி மடித்தால் 5க்கு 7 அங்குலம். அடித்து ஒரு நாள் ஆன பிறகும் அரக்குப் பின்னணியைத் தொட்டால் விரலில் வருகிறது. மடிக்கிற இடத்தில் வெள்ளையாக வெடிக்கிறது. காகிதத்தின் ஓரத்தில் கறுப்புக் கீறலும் விழுகிறது. கடல் காற்றின் ஈரம்தான் காரணமா? ஹேர் டிரையர் காட்டினால் சரியாகுமா?

கீழக்கரை அச்சகம்:
ஈரம் கூடுதல் தொல்லைதான், மூல காரணம் காகிதம். ஆர்ட் கார்டின் மேல்பூச்சு, அச்சகத்து ஆஃப்செட் இயந்திரத்தின் எண்ணெய் மைக்காகச் செய்தது. இங்க்ஜெட் மையில் பெரும்பங்கு தண்ணீர். கூடவே, மை துப்பும் தலைப்பகுதி அடைக்காமல் இருக்க, மெதுவாக உலரும் திரவமும் சேர்த்திருப்பார்கள். காகிதம் உறிஞ்சினால்தான் மை நிற்கும். உங்கள் கார்டு உறிஞ்சவில்லை, அதனால் மை மேலேயே கிடக்கிறது. கார்த்திகை மழைக்காற்றில் அது இன்னும் பிசுபிசுக்கும். டிரையர் காட்டினால் தண்ணீர் போகும், மற்றது போகாது. அடித்ததை ஒதுக்கிவிடுங்கள்.

புதுக் காகிதம் வாங்குமுன் ஒரு துண்டு கேட்டு வாங்கி, மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். ஒரு நிமிடம் கழித்தும் முத்து மாதிரி உருண்டு நின்றால் இங்க்ஜெட்டுக்கு ஆகாது. மினுமினுக்கும் முத்துப்பூச்சு அட்டையும் இப்படித்தான் ஏமாற்றும். பளபளப்பில்லாத தாளாக, "இருபக்க இங்க்ஜெட் மேட், 200 முதல் 220 ஜிஎஸ்எம்" என்று சொல்லிக் கேளுங்கள். 150க்கு 165 தாள் வாங்குங்கள்.

கையில் மிச்சமிருக்கும் ஆர்ட் கார்டு வீணாகாது. பிடிஎஃப்பை எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் டிஜிட்டல் லேசர் பிரிண்ட் போடும் கடைக்குப் போங்கள். டோனர் என்ற மைத்தூள் சூட்டில் உருகி ஒட்டுவதால் அதில் நன்றாக நிற்கும். ஆனால் இங்க்ஜெட் போட்டோ பேப்பரை லேசரில் விடவே கூடாது. பூச்சு உருகி உள்ளே ஒட்டினால் இயந்திரம் கெட்டுவிடும்.

தொண்டி ரஃபி:
ஓரத்துக் கீறல், தாள் வளைந்து மைத் தலையில் உரசுவதால் வருவது. காகிதக் கட்டை மொத்தமாகப் பிரிக்காதீங்க தங்கச்சி. பத்துப் பத்தாக எடுத்து, மிச்சத்தை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி வைங்க. வளைந்த தாளை எதிர்ப்பக்கம் லேசாக வளைத்து நேராக்கி, பின்பக்கத் தட்டில் ஒவ்வொன்றாகக் கொடுங்க. செட்டிங்கில் காகித வகை "மேட்". "தடித்த காகிதம்" என்று இருந்தால் அதையும் போடுங்க. ஒரு பக்கம் அடித்து, ஒரு ராத்திரி பரப்பி வைத்து, மறுநாள் மறுபக்கம். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் காய்ந்து சுருளும்.

மடிப்பு வெடிப்பதற்குக் காரணம் நார்த்திசை. ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும், உங்கள் மடிப்பு அதைக் குறுக்கே வெட்டுகிறது. ஸ்டீல் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பென்னால் வெளிப்பக்கத்தில் அழுத்திக் கோடு போடுங்க. அடியில் நாலு மடிப்பு செய்தித்தாள் இருக்கட்டும். பள்ளம் வெளியே, மேடு உள்ளே வருமாறு மடிக்கணும். அரக்கு நிறத்தை மடிப்புக்கு இருபுறமும் 3 மில்லிமீட்டர் முன்பே நிறுத்திடுங்க. என்னைக் கேட்டால் முழுப் பின்னணியே வேண்டாம், அரக்குக் கரை மட்டும் போதும். மையும் மிச்சம், எழுத்தும் தெளிவு.

மண்டபம் செல்வி:
நன்றி அண்ணே. இன்னொன்று. போட்டோஷாப்பில் "கொ", "செ" எல்லாம் கொம்பு இடம் மாறி விழுகிறது. வேறு கணினியில் திறந்தால் எழுத்தே ஆங்கிலக் குப்பையாகிறது.

பரமக்குடி டிசைனர்:
இது இரண்டு வேறு கோளாறு. குப்பையாவது பாமினி போன்ற பழைய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றி, நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது ஹிந்த் மதுரை போடுங்கள். இரண்டும் இலவசம். கொம்பு இடம் மாறுவது யூனிகோடு எழுத்தைப் போட்டோஷாப் சரியாகக் கோக்காததால். விருப்பங்களில் எழுத்துப் பிரிவுக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்து, புதிய கோப்பில் மறுபடி ஒட்டுங்கள். அது இல்லாத பதிப்பு என்றால் எழுத்தை மட்டும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அமையுங்கள். கடைக்குக் கொடுக்கும் பிடிஎஃப்பில் எழுத்துருவைப் பதித்தே கொடுக்கணும்.

அச்சுக்கு முன் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றையும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பாருங்கள். தாய்மாமன் பெயரையும் முன்னெழுத்தையும் வீட்டுப் பெரியவர் ஒருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். விட்டுப்போன பெயரைப் பேனாவால் எழுதிச் சேர்த்தால் சொந்தத்தில் மனக்கசப்பு வரும்.

மண்டபம் செல்வி:
மேட் தாளில் ஒன்று அடித்தேன், ஒட்டவே இல்லை. மூலையில் மஞ்சள் தடவினால் மை கலையுமா? சுற்றிக் கட்ட பனங்குருத்தோலை வைத்திருக்கிறோம், தபாலிலும் கொஞ்சம் அனுப்பணும்.

கீழக்கரை அச்சகம்:
கலையும். மூலையில் 2 சென்டிமீட்டர் மை படாமல் விடுங்கள். மஞ்சளைத் தளரக் குழைக்காமல் கெட்டியாகக் குழைத்து, விரல் நுனியால் ஒற்றுங்கள். காய்ந்த பிறகே அடுக்கணும். ஓலையை நிழலில் முழுக்க உலர்த்திக் கட்டுங்கள், பச்சையாகக் கட்டினால் கறை இறங்கும், பூசணமும் பிடிக்கும். 220 ஜிஎஸ்எம்மில் மடித்த பத்திரிகை ஏறக்குறைய 10 கிராம், உறை 5, 6 கிராம். ஓலையையும் சேர்த்துச் சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள், 20 கிராம் தாண்டினால் தபால்தலை கூடும். பசை உறைகளுக்கு நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள், இல்லையென்றால் இந்தக் காற்றுக்குத் தானாகவே ஒட்டிக்கொள்ளும்.