கொடைக்கானல் எஃப்எம் 100.5: வீட்டுக்குள் இரைச்சல், உதவுங்கள்

மணப்பாறை பக்கம் எங்கள் ஊர். பொங்கலுக்குப் பிறகு, மாலை விளக்கு போட்டதும் 100.5-இல் பாட்டை மூடிக்கொண்டு 'உஸ்ஸ்' என்று இரைச்சல். திருச்சி 102.1 மட்டும் தெளிவாக வருகிறது. ரேடியோ இரண்டு பேண்ட், கம்பி ஆன்டெனா. வாங்கி ஆறு வருடம்.

பேட்டரி மாற்றினேன். இன்வெர்ட்டரையும் எல்இடி விளக்குகளையும் அணைத்தால் கொஞ்சம் குறைகிறது. அப்புறம் ஆன்டெனாவில் செம்புக் கம்பி சுற்றினேன், பலனில்லை. மொட்டை மாடியில் மேற்கே திருப்பினால் அருமையாகக் கேட்கிறது.

செல்போன் ஆப் அம்மாவுக்குச் சரிப்படாது. பார்வை மங்கிவிட்டது, குமிழைத் தடவித் திருகித்தான் பழக்கம். இரவுப் பழைய பாடல்கள்தான் அவருக்குத் துணை.

மாடியில் எஃப்எம் யாகி ஆன்டெனா (பழைய டிவி ஆன்டெனா போல, ஒரு திசை நோக்கி வைப்பது) வைத்து, கேபிளை இந்த ரேடியோவின் கம்பியோடு எப்படி இணைப்பது?